பெயர் வைக்காத நான்காவது கட்டம்

எதிர்காலம் ஒன்று அல்ல, நான்கு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நிபுணரை அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் பாக்கி. இருக்கிற ஒரே எதிர்காலத்தை ஓய்வூதியத்தில் எப்படி ஓட்டுவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு, மேற்கொண்டு மூன்றைக் கொடுத்த மாதிரி இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆசிரியனாகச் சேர்ந்தது 1974-இல். தலைமையிடம் கடலை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கடற்கரையிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல். என் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கடலோர மையத்தின் பொறுப்பாளனாகக் கழிந்தன. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில், பழைய பருத்திக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து மூன்று வகுப்பறைகளாகத் தடுத்திருந்தார்கள். வணிகவியல் பட்டப்படிப்பு ஒன்றுதான். தீவிலிருந்து, பாம்பன், தங்கச்சிமடம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ரயிலில் வருவார்கள். என் சொந்தப் பக்கமான சிக்கல், கடலாடியிலிருந்து சம்சாரி, அதாவது விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பேருந்தில் வருவார்கள். ஒருவர் தூக்குச் சட்டியைப் பார்த்து இன்னொருவர் முகம் சுளிப்பதிலேயே முதல் ஆண்டு போகும். இரண்டாம் ஆண்டில் மாற்றிச் சாப்பிடுவார்கள்.

எதையும் எண்ணுவது என் வழக்கம். பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கல்யாணப் பந்தியில் இலைகளை எண்ணுவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். புள்ளியியல் படித்ததால் வந்ததா, வியாதி இருந்ததால் புள்ளியியல் படித்தேனா என்று எனக்கே தெரியாது.

பல்கலைக்கழகத்தில் திட்டமிடுவது என்பது அந்தக் காலத்தில் எளிய வேலை. சென்ற ஆண்டின் எண்ணிக்கையை எடுத்து அதோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டுவோம். அதுதான் திட்டம். அப்படி நான் தயாரித்துக் கொடுத்த திட்டங்கள் ஆறு. ஆறிலும் நாற்காலிகள் பெருகின. பிள்ளைகள் அதே அளவில்தான் வந்தார்கள். யாரும் ஏனென்று கேட்டதில்லை. மேலே இருப்பவர்களுக்கும் கூட்டல் பிடித்திருந்தது.

கூட்டலில் வராத காரியம் ஒன்று எண்பதுகளில் நடந்தது. தலைமையிடத்தில் நடந்துவந்த மாலைநேர பி.ஏ. வகுப்பு ஒன்றை நடுவில் நிறுத்தினார்கள். படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன வழி என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அவர்களில் ஒருவர் பிற்பாடு ராமநாதபுரத்தில் உரக்கடை வைத்தார். என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுவார். "சார், என்னைத் தெரியுதா? நான் ரெண்டு வருசப் பி.ஏ." அதையும் ஒரு பட்டம் போலவே சொல்வார். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

புதிதாக வந்த துணைவேந்தர் பழைய கூட்டல் கணக்கு இனி வேண்டாம் என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன்னே பார்க்க வேண்டும், ஒவ்வொரு மையமும் தன் எதிர்காலக் காட்சிகளை எழுதித் தர வேண்டும், அதைச் சேர்த்துப் பல்கலைக்கழகத்தின் தொலைநோக்குத் திட்டம் அமையும் என்று உத்தரவு வந்தது. வழிகாட்ட அந்த நிபுணர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்தவர் என்றாலும் பந்தா கிடையாது. எங்கள் சாய்ந்த கரும்பலகைக்கு அவரே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார்.

கூட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேர். மையத்தின் ஆலோசனைக் குழுத் தலைவர் சிக்கல்காரர். நிறைய நிலபுலம் உள்ளவர், எழுபதைத் தாண்டியவர். பெற்றோர் சார்பில் தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர். விசைப்படகு வைத்திருப்பவர். படகுக்காரரை அந்தக் கரையில் சம்மாட்டி என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத்தான் அவரைக் கூப்பிட முடியும். பிறகு வணிகவியல் ஆசிரியை ஒருவர், நிபுணர், நான்.

நிபுணர் பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் இழுத்தார். "நெடுக்குக் கோடு, பிள்ளைகள் வருவாங்களா, மாட்டாங்களா. குறுக்குக் கோடு, அரசாங்கப் பணம் வருமா, வராதா. நாலு கட்டம் ஆச்சா? நாலும் நாலு விதமான காலம். இதுல எது நடக்கும்னு நான் கேட்கலை. அது நடந்தா நாம என்ன செய்வோம்னுதான் கேட்கிறேன். முதல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வைங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

பிள்ளைகளும் வந்து பணமும் வரும் முதல் கட்டத்துக்குச் சிக்கல்காரர் 'நல்ல மழை' என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் வந்து பணம் வராத கட்டத்துக்கும் அவரே சொன்னார், 'மடை அடைப்பு'. கண்மாய் நிறைந்திருக்கும், வயலுக்குத் தண்ணீர் வராது. பணம் வந்து பிள்ளைகள் வராத கட்டத்தைச் சம்மாட்டி எடுத்துக்கொண்டார்.

"'புது வலை'ன்னு வைங்க. வலை புதுசு, மீனைக் காணோம்."

நிபுணருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மற்ற மையங்களில் இரண்டு நாள் உட்கார்ந்தும் இப்படிப் பெயர் கிடைக்கவில்லையாம். சுண்ணாம்புக் கட்டியை நான்காவது கட்டத்தில் வைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு போதும் சார். டீ ஆறுது, குடிங்க" என்றார் சிக்கல்காரர்.

"நாலாவதுதான் அய்யா முக்கியம். பிள்ளைகளும் இல்லை, பணமும் இல்லை. மையத்தையே மூட வேண்டிய..."

"அந்தச் சொல்லை இங்கன சொல்லாதீக. போன வைகாசியிலதான் ஓமம் வளத்து அந்த மூணாவது அறையைத் தொறந்தம்."

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், எனக்கு ஓமமெல்லாம் கெடையாது" என்றார் சம்மாட்டி. "ஆனா அண்ணாச்சி சொல்றது நாயம். கடலுக்கு எறங்குறவனைப் பாத்து எங்க போறேன்னு கேட்டாலே ஆகாதும்பம். நீங்க என்னடான்னா திரும்பி வருவியா மாட்டியான்னு கேக்குறீக."

அந்த இருவரும் அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்ததில்லை. கழிப்பறைக்குக் கதவு போடுவதில்கூட இரண்டு கட்சி.

நிபுணர் விடவில்லை. "படகு கவிழ்ந்தா என்ன செய்யறதுன்னு நீங்க யோசிக்கவே மாட்டீங்களா?"

"மூடி போட்ட காலி கேன் நாலஞ்சு படகுல கெடக்கும்."

"எதுக்கு?"

"சும்மா கெடக்கும்."

"பிடிச்சு மிதக்கிறதுக்குத்தானே?"

"நான் சும்மாங்கிறேன். நீங்க ஏன் சார் அதை வெளிய இழுக்கிறீக?"

ஆசிரியை இருமுவது போலக் குனிந்துகொண்டார்.

"இதுக்குப் பேர் வைக்காம நான் ஊருக்குத் திரும்ப முடியாதே" என்றார் நிபுணர்.

"அதுக்கென்ன, இங்கனயே இருங்க. அயிரைக் குழம்பு வைக்கச் சொல்றேன்" என்றார் சிக்கல்காரர்.

சிரிப்பு அடங்கியதும் நான் பேசினேன். மூடுவார்களா மாட்டார்களா என்பது இருக்கட்டும். சேர்ந்து படிக்கிற பிள்ளைகள் நடுவில் நின்றால் என்ன வழி என்றாவது எழுதி வைப்போம் என்றேன். மையத்துப் பிள்ளைகளின் பெயர்கள் மையத்துப் பதிவில் மட்டுமே இருந்தன. பாடத்திட்டமும் தனி. மையம் நின்றால் அவர்கள் வேறெங்கும் தொடர முடியாது. முதல் ஆண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உரக்கடைக்காரரைப் பற்றியும் சொன்னேன்.

சம்மாட்டி என் பக்கம் திரும்பினார். குரலில் கேலி போய்விட்டிருந்தது. "சார், என் மக பிளஸ் ஒன் படிக்குது. எங்க வீட்டுல படகுக்குப் போன கையிக, வலை பின்னுன கையிகதான் உண்டு. பட்டம் வாங்குன கை கெடையாது. இங்கனதான் சேக்கப்போறேன், ரயில்ல போய்ட்டு ரயில்ல வந்துரும்னு அவ அம்மாகிட்டச் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருக்கேன். அது காலெடுத்து வைக்கப்போற எடத்துக்கு இப்பவே கெட்டதை எழுதுறீகளே."

அந்தப் பெண்ணுக்காகத்தான் எழுதச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணுக்காகத்தான் எழுத வேண்டாம் என்றார். இரண்டுக்கும் நடுவே நிபுணர் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றார்.

வெளியூர்க்காரர் யார் வந்தாலும் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மறுநாள் நிபுணரையும் கூட்டிப் போனோம். மணலில் ஜீப் ஆட்டிய ஆட்டத்தில் என் இடுப்பு ஒரு வாரம் வலித்தது. புயலில் கடல் கொண்ட அந்த ஊரின் இடிந்த சுவர்களைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார்: "இப்படி ஒண்ணு நடக்கலாம்னு யாராவது முன்கூட்டி எழுதி வைச்சிருந்தா?"

"எழுதி வைச்சிருந்தா தண்ணி கேட்டுட்டுத் திரும்பிப் போயிருக்குமாக்கும்" என்றார் சம்மாட்டி.

நிபுணர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டு அன்று மாலை ரயில் ஏறினார். பிறகு அச்சாகி வந்த அறிக்கையில் எங்கள் மையத்துக்கு மூன்று கட்டங்களில் பெயரும் விளக்கமும் இருந்தன. நான்காவது கட்டம் கோடு மட்டும் போட்டு வெறுமையாக இருந்தது. அதை எடுக்காமல் விட்டதுதான் அவருடைய பிடிவாதம். தலைமையிடத்தில் அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு உறக்கம் கெட்டது. எனக்கு உறக்கம் கெடுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லைதான். ஆனாலும் அந்த வெற்றுக் கட்டத்தில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஒருநாள் ஆசிரியையிடம் புலம்பினேன். அவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடவில்லை.

"பேர் வேண்டாம் சார். வேலையை மட்டும் செஞ்சுருவம்."

"எப்படி?"

"சேருற பிள்ளைகளைத் தலைமையிடத்துப் பதிவுலயும் சேத்தே பதிஞ்சுருவம். பாடத்திட்டத்தையும் அங்க உள்ளதாவே மாத்திருவம். பட்டமளிப்பு விழாவுக்கு வசதின்னு காரணம் சொல்லுங்க. நாளைக்கு என்னமும் ஆனாலும்..." அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தானே, அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்.

அடுத்த கூட்டத்தில் பதினொரு தீர்மானங்களை வைத்தேன். குடிநீர்த் தொட்டி, மின்விசிறி, நூலகத்துக்கு அலமாரி என்று போய் ஏழாவதாக இது. சிக்கல்காரர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஏழாவதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். எனக்கு அவர் என்ன நினைத்தார் என்று தெரியும். எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்பே புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். மழை ஏமாற்றினால் முளைத்தது கருகிப்போகும். அதனால் ஒவ்வொரு சம்சாரி வீட்டிலும் விதைப்பு முடிந்த பிறகும் மூலையில் ஒரு மூட்டை விதைநெல் நிற்கும். அது எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். 'அந்த மூட்டை' என்பார்கள், அவ்வளவுதான்.

சிக்கல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. எட்டாவது என்ன?" என்றார். சம்மாட்டி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையிடத்தில் அந்தத் தீர்மானத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நானே நேரில் போய் ஒவ்வொரு மேசையாக நின்றேன். நிபுணரும் அங்கே யாரிடமோ பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருவழியாக ஒப்புதல் வந்தது. அடுத்த ஆண்டு முதல் சேர்ந்தவர்களுக்கு இரண்டு பதிவு. அதற்கடுத்த ஆண்டு சம்மாட்டியின் மகள் சேர்ந்தாள். கணக்கில் சுமார், தமிழில் கெட்டி. வகுப்பில் சன்னல் ஓரத்தை விடவே மாட்டாள்.

பிறகு நடந்தவற்றில் எதுவும் எங்கள் மூன்று கட்டங்களில் இல்லை. ரயில் பாதையை அகலமாக்கும் வேலைக்காகத் தீவுக்கு ரயிலை நிறுத்தினார்கள். பிள்ளைகள் இரண்டு பேருந்து மாறி வந்தார்கள். முதல் பாட வேளையில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் முளைத்திருந்தன. மஞ்சள் நிறப் பேருந்துகள் வீட்டு வாசலுக்கே போய்ப் பிள்ளைகளை ஏற்றின. புதுச் சேர்க்கை பத்துக்கும் கீழே போனது. அதற்குள் அந்தத் துணைவேந்தர் போய் வேறொருவர் வந்திருந்தார். தொலைநோக்குத் திட்டம் யாருடைய அலமாரியிலோ இருந்தது. ஒரு ஆடி மாதத்தில் உத்தரவு வந்தது: மையம் தலைமையிடத்தோடு இணைக்கப்படுகிறது. அதிலும் மூடுகிறோம் என்ற சொல் இல்லை.

இரண்டு பதிவு இருந்ததால் ஒரு பிள்ளைக்கும் படிப்பு அறுந்துபோக வேண்டியதில்லை. அங்கே போய் அதே பாடத்தை, அதே பக்கத்திலிருந்து தொடரலாம். உத்தரவைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். ஒரு நாள்தான் அது இருந்தது.

மறுநாள் சம்மாட்டி வந்தார். உட்காரவில்லை. "பேர் பதிஞ்சிருக்குன்னு டீச்சர் சொன்னாக. சந்தோசம் சார். என் மக எங்க தங்கும்?"

பெண்கள் விடுதி ஆனியிலேயே நிறைந்துவிட்டிருந்தது. தினம் போய்த் திரும்புவது என்றால் ஏழு மணி நேரம் பேருந்தில் இருக்க வேண்டும். நான் இதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே விளங்கியது. பதிவைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தோம். அன்றைக்கு அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைத்து, ஐந்து பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசியிருந்தால், சம்மாட்டியே கேட்டிருப்பார்: எங்கே தங்கும்? என்ன பஸ்? இரண்டு வரி எழுதியிருப்போம். சொல்லாமல் ஒதுக்கி வைத்த விதையை வேறொருவர் பிரித்துப் பார்த்துப் பூச்சி இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

"அன்னைக்கே பேசியிருக்கலாம்" என்றேன்.

"பேசியிருந்தா அதனாலதான் நடந்துச்சுன்னு இன்னைக்கு ஒங்களைத் திட்டியிருப்பேன்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "அங்க சிஸ்டர்மார் விடுதி ஒண்ணு இருக்கு. பங்குச் சாமியாரைப் பாக்கப்போறேன்" என்று கிளம்பினார். அவரால் தீவுப் பெண்கள் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. சிக்கல்காரர் ஊர் ஊராக வேனில் போய் வீடுகளில் பேசினார். தலையாட்டினார்கள், காப்பி கொடுத்தார்கள். "நம்ம பேச்சுக்கு மரியாதை இருக்கு சார். ஆனா பிள்ளைய அனுப்ப மாட்டேங்கிறாக" என்று திரும்பி வந்தார்.

பிள்ளைகள் கிளம்பிய அன்று ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். சம்மாட்டியின் மகள் இங்கும் சன்னல் ஓரம்தான். "வாரேம்ப்பா" என்றாள். "ம்" என்றார். நான் பேருந்தின் பக்கவாட்டில் நின்று தலைகளை எண்ண ஆரம்பித்தேன். என் விரல் அசைவதைச் சம்மாட்டி பார்த்துவிட்டார்.

"எண்ணாதீக சார். கெளம்புற பிள்ளைகள எண்ணக் கூடாது."

கையை இறக்கிக்கொண்டேன். வராதவர்களை எண்ணுவதற்குத் தடை ஒன்றுமில்லை. ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேர் பெண்கள்.

சம்மாட்டியின் மகள் பட்டம் வாங்கிவிட்டாள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பெட்டி இனிப்பும், செய்தித்தாளில் சுற்றிய பெரிய விளமீன் ஒன்றும் கொடுத்தார். நாங்கள் மீன் சாப்பிடும் வீடுதான். ஆனால் இரண்டு பேருக்கு அது மூன்று நாள் மீன். நான்காவது கட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மிளகாய் வாங்க மண்டிப் பக்கம் போனேன். எடை போடும் இடத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றாள். ஒன்பது பேரில் ஒருத்தி. சிக்கலுக்குப் பக்கத்து ஊர்.

"சார், நல்லாயிருக்கீகளா? என்னைத் தெரியுதா? நான் ஒண்ணே கால் வருசம்."

கூட நின்ற சுமைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பதிவு அங்கே அப்படியேதான் இருக்கிறது, இன்னும் இரண்டு ஆண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். கல்யாணம் ஆகிவிட்டதாம், வீட்டுக்காரரிடம் கேட்கிறேன் என்றாள். அப்புறம், "பாப்பம் சார்" என்றாள்.

இரண்டு ஆண்டு கடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லி வைத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள் எடைக்கல்லைப் பார்க்கக் குனிந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. மிளகாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.